மச்சானின் இடது மணிக்கட்டு

எனக்கு முகங்கள் மறந்துபோகும், மணிக்கட்டுகள் மறக்காது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, "இப்படித் திருப்புங்க, ஆடாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். ஆடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆடியவரின் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள். இந்தத் தொழில்புத்தி வெளியிலும் என்னை விடுவதில்லை. பாசாரில் மீன் வெட்டுகிறவரின் கை எந்தப் பக்கம் சாய்கிறது, ரொட்டி சானாய் வீசுகிறவரின் மணிக்கட்டு எந்த இடத்தில் மடிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஆள் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்று மனைவி முதுகில் இடிப்பாள்.

அப்படிப்பட்டவன் கோல்ஃப் மட்டையைத் தொட்டால் என்ன ஆகும்? தொட வைத்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கிறார். கல்யாண மாலை கட்டுவதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. இப்போதெல்லாம் நம்மவர் கல்யாணங்கள் கோல்ஃப் கிளப்புகளின் பெரிய ஹாலில் நடக்கின்றன. மணவறை அலங்காரத்துக்குப் போன ஓர் இடத்தில், யாரோ விட்டுப்போன பழைய மட்டைகளைப் பையோடு இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வந்த பொருளைச் சும்மா வைத்திருப்பது மச்சானுக்குப் பிடிக்காது. செவ்வாயும் வெள்ளியும் கோயில் பூ, சனி ஞாயிறு கல்யாணப் பூ. ஆகவே புதன்கிழமை சாயங்காலம் கிள்ளானுக்கு வருவார். எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷத்தில் பந்தடித்துப் பழகும் ரேஞ்ச் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு கூடைப் பந்து வாங்கி, பச்சைப் பாயில் நின்று அடிப்போம்.

மச்சான் அடிப்பது பார்க்க ஒரு லட்சணமாக இருக்காது. வேட்டியைத் தூக்கிக் கட்டுவதுபோல இடுப்பை ஓர் உலுக்கு உலுக்குவார். ஆனால் பந்து நேராகப் போகும். நான் நான்கு காணொளி பார்த்து, முழங்காலை அளந்து மடக்கி அடித்தாலும் வலது பக்கம் வேலிக்குத்தான் போகும். எனக்குப் பொறாமை என்று சொல்லிவிடுவதே நல்லது.

இங்கே மச்சானின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் என்னை எதிர்த்துப் பேசமாட்டார். நான் அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. அவர்கள் வீட்டில் மாப்பிள்ளை சொன்னது சொன்னதுதான். சாம்பாரில் உப்பு இல்லை என்று நான் சொன்னால் உப்புக்கரிக்கிற சாம்பாரிலும் இன்னொரு சிட்டிகை விழும். ஒருமுறை சுங்கை பூலோவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பேச்சு சுவாரஸ்யத்தில் எங்கோ மாறித் திரும்பிவிட்டேன். இருபுறமும் செம்பனைத் தோட்டமாக வந்தபோதுதான் எதிர்த்திசையில் பந்திங் பக்கம் வந்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது.

"மச்சான், வழி மாறிட்டோம்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"அந்த மொத சிக்னல்லயே தெரியும் மாப்ளே. நீங்க ஏதோ வேலையாப் போறீங்கன்னு நெனச்சேன்லா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்துவிட்டது. அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

ஒரு புதன்கிழமை பக்கத்துப் பாயில் அடித்துக்கொண்டிருந்தவர் மச்சானைப் பார்த்து, "பாஸ், உங்க ஷாஃப்ட் ரொம்ப சாஃப்ட்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷாஃப்ட் என்பது மட்டையின் பிடிக்கும் தலைக்கும் நடுவில் உள்ள நீளத் தண்டு. பார்க்க இரும்புக்கம்பி மாதிரி இருந்தாலும் வீசும்போது வளையும். எவ்வளவு வளையும், எந்தப் பக்கம் வளையும்? எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கீழே இறங்கும்போது தலை பின்தங்கும், அதனால் தண்டு பின்னால் வளையும், இது யோசித்தாலே தெரிகிறது. பந்தைத் தொடும் அந்தக் கணத்தில்? அப்போதும் பின்னாலா, நிமிர்ந்துவிடுமா, முன்னால் பாய்ந்திருக்குமா? பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குகூட இல்லை. அடி விழுந்த அதிர்வு கைக்கு வந்து சேருவதற்குள் பந்து போய்விடுகிறது. அப்படியானால் அடித்தவனுக்கு அடித்த கணத்தைப் பற்றி எதுவுமே தெரியாது. இந்த எண்ணம் என்னை என்னவோ செய்தது.

அடுத்த புதன் கைபேசியைப் பந்துக்கூடைமேல் படுக்கைவசமாகச் சாத்தி வைத்து, மெதுவோட்டத்தில் மச்சானைப் படம் எடுத்தேன். ஏழாம் நம்பர் மட்டை. ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, பந்தைத் தொடும் கட்டத்தில் நிறுத்தினேன். தண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. தலை கையைத் தாண்டி எங்கேயோ முன்னால் போய்விட்டது.

"பாத்தீங்களா மச்சான்!"

"ஆமா மாப்ளே. என்னா இப்படி வளையுது."

வீட்டுக்கு வந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது போலிருந்தது. தண்டு ரொம்ப வளைகிற ரகம். அதோடு பந்தைத் தொடும்போது இடது மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து தலையை முன்னால் தள்ளிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரருக்கு அந்தக் கணத்தில் இடது மணிக்கட்டு தட்டையாக இருக்க வேண்டும், கை முந்த வேண்டும், தலை பிந்த வேண்டும். மணிக்கட்டு என் துறை. இதில் என்னிடம் யார் என்ன பேசிவிட முடியும்?

மச்சானின் கையுறைக்குள், புறங்கையோடு சேர்த்து, சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி ஒன்றைச் செருகினேன். மணிக்கட்டு மடிந்தால் குத்தும். பிடியைச் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டில் நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மேலிருந்து கீழே இறக்கி, கையை முன்னால் தள்ளிக்கொண்டே அடிக்கச் சொன்னேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் அந்த மட்டைக்கு விறைப்பான இரும்பு ஷாஃப்ட் போட வைத்தேன். கடைப்பையன் மச்சானின் வீச்சைப் பார்த்துவிட்டு, "ஷுவரா அங்கிள்? ரொம்ப கெட்டியா இருக்குமே" என்று அவரைத்தான் கேட்டான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

பிறகு வந்த புதன்கிழமைகளில் பந்து தாழ்வாக, விர்ரென்று போனது. சில அடிகள் பந்தைத் தொடுமுன்பே பாயில் விழுந்தன. அந்த ரேஞ்சில் பாய்க்கு அடியில் சிமெண்டுத் தரை. ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். "அதுதான் மச்சான், அந்த அழுத்தம்தான் வேணும்" என்பேன். "நீங்க சொன்னா சரிதான் மாப்ளே" என்பார். சில நாளில் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அடிக்கடி தேய்த்தார். பையை வலது கையில் மாற்றிக்கொண்டார். உலகத்து மணிக்கட்டையெல்லாம் பார்க்கிற நான் அதைப் பார்க்கவில்லை. மட்டைத் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தவள் என் மனைவி. ஆவணி மாதம், கல்யாணம் மேல் கல்யாணம். கடையில் உதவப் போய்விட்டு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அண்ணன் மாலை கட்டல. ரெண்டு வாரமா வேலைக்காரங்கதான் கட்டுறாங்க. அவர் போன்ல ஆர்டர் மட்டும் எடுக்கிறாரு."

"அவருக்கும் வயசாகுதில்ல. கொஞ்சம் உக்காரட்டும்."

"டீ கப்ப இடது கையில தூக்க முடியல அவரால. ரெண்டு விரல் மரத்துப் போயிருக்கு. நீங்க எக்ஸ்ரேல பாத்தாத்தான் நம்புவீங்களா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாண மாலை கட்ட, பூங்கொத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் நூலைச் சுற்றிச் சுண்டி இறுக்க வேண்டும். இறுக்குகிற விசை முழுவதும் இடது உள்ளங்கையின் அடியில்தான் விழும். வேலைக்காரர்கள் சாதாரண சரம் கட்டுவார்கள். அவர் கட்டுகிற மாலைக்காகத்தான் கோலாலம்பூர் முழுவதிலிருந்தும் அந்தக் கடைக்கு வருகிறார்கள். அந்தக் கை போனால் கடை போனது மாதிரி.

மறுநாளே அவள் அவரை எங்கள் மருத்துவமனைக்கு இழுத்து வந்துவிட்டாள். ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் சுளுக்கு என்று தைலம் கொடுத்திருந்தார்களாம். எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். எலும்பெல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

"எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க."

சுண்டுவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கை மேட்டைத் தொட்டார். மட்டையின் பிடியை நான் அழுத்தி வைக்கச் சொன்ன அதே இடம். அந்த இடத்தில் கொக்கி மாதிரி முனை உள்ள சின்ன எலும்பு ஒன்று உண்டு. நேர்ப் படத்தில் அந்தக் கொக்கி மற்ற எலும்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்க்க வேண்டுமானால் கையைப் புறங்கைப் பக்கமாக நன்றாக வளைத்து, விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வழியாகக் கதிரை அனுப்ப வேண்டும். மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், எடு என்றார்.

மேசைமேல் முன்னங்கையை வைத்து, வலது கையால் இடது கை விரல்களைப் பிடித்துப் பின்னால் இழுக்கச் சொன்னேன். அந்த எலும்பு உடைந்திருந்தால் அப்படி இழுப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பெரிய ஆம்பளைகள் கத்தியிருக்கிறார்கள்.

"வலிக்குதா மச்சான்?"

"இல்ல மாப்ளே."

நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கை ஆடவே இல்லை. என் மேசையில் அவ்வளவு அசையாமல் யாரும் இருந்ததில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. கொக்கியின் அடியில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. கோட்டின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. நேற்று உடைந்தது இல்லை, வாரக்கணக்கில் உடைந்த எலும்போடு அடித்திருக்கிறார்.

உடைந்த துண்டை அறுவைசிகிச்சையில் எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். ஆனால் பக்கத்தில் ஓடுகிற நரம்பு அடிபட்டிருக்கிறது, இரண்டு விரலின் உணர்வும் பிடியும் முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அதுவரை உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மட்டை வளைந்தது, நான் திருத்தினேன், திருத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பச் சாமந்தி மாலையைக் காணொளி எடுத்தேன். கை தவறி மெதுவோட்டத்தில் பதிவாகிவிட்டது. மாலைக்குப் பின்னால் மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படத்தில் அதன் இறக்கைகள் எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தன.

விசிறியை அணைத்து இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டி பிளாஸ்டிக். மறுபடி ஓடவிட்டு, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தேன். இப்போது வளைவு எதிர்ப்பக்கம் இருந்தது. காற்றில் பறந்த பூவிதழ்கள் மேலே விழுவதுகூடத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கைபேசி ஒரு படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் வேகமாகப் போகிற பொருள் நகர்ந்துவிடும். மட்டையின் பிடி மேல் வரியில், தலை கீழ் வரியில். தலை அதற்குள் முன்னே போயிருக்கும். நேரான தண்டும் வளைந்துதான் தெரியும். பந்தைத் தொடும்போது தண்டு நிஜமாகவே கொஞ்சம் முன்னால் வளையும். எல்லோருடையதும் வளையும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. மீதி வளைவு முழுவதும் என் கைபேசி போட்டது. இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஸ்கேன் அறையில், படம் பாதி எடுக்கும்போது நோயாளி மூச்சு விட்டால் நல்ல விலா எலும்பும் உடைந்த மாதிரி தெரியும். அப்படிப்பட்ட படத்தை நான் தினமும் குப்பையில் போடுகிறேன்.

அந்த முதல் புதன்கிழமைக் காணொளியைத் தேடி எடுத்தேன். கை அவ்வளவு வேகமாகப் போவதில்லை, அதனால் கை படத்தில் ஏமாற்றாது. பந்தைத் தொடும் கட்டத்தில் நிறுத்தி, இந்தத் தடவை தண்டை விட்டுவிட்டு மச்சானின் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. எந்தக் குச்சியும் இல்லாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், முதல் நாளே சரியாக இருந்திருக்கிறது. எனக்குச் செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

கடையின் பின்பக்கம் பூக்கூடைகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். விசிறியைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"மட்டை வளையலியா அப்ப?"

"கொஞ்சம்தான். உங்க கை சரியாத்தான் இருந்துச்சு மச்சான். நான்தான் கெடுத்தேன்."

"அந்தக் கெட்டி மட்ட எனக்கு ஒத்து வராதுன்னு மொத நாளே தெரியும் மாப்ளே. அடிச்சா முழங்கை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்க மாப்ள இல்லையா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல், அவர்கள் வீட்டு மரியாதையின்மேல், பத்தொன்பது வருஷமாக அதைக் காபியோடு சேர்த்து வாங்கிக் குடித்த என்மேல். "உங்க கை மச்சான், உங்க கை" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் பதறிப்போய், "ஒண்ணுமில்ல மாப்ளே, சரியாயிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அறுவைசிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு மோதிரவிரலில் உணர்வு திரும்பியது. சுண்டுவிரல் பாதிதான். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பழகினார். வாரா வாரம் நான் கேட்பேன், எப்படி இருக்கிறது என்று. நல்லாருக்கு மாப்ளே என்பார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் கை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை. அதற்கு எக்ஸ்ரேயும் கிடையாது.

தை பிறந்ததும் முதல் கல்யாண மாலைக்கு அவரே உட்கார்ந்தார். நாங்கள் போயிருந்தோம். வழக்கம்போல எனக்கு விசிறிக்குக் கீழே நாற்காலி, கையில் காபி. மனைவி ரோஜாவை ஆய்ந்து கொடுத்தாள். அவர் கொத்தைப் பிடித்து, நூலைச் சுற்றி, இறுக்கினார். முதல் சாண் வந்தது, இரண்டாவது சாண் வந்தது. மூன்றாவதில் வேகம் குறைந்தது. நூலை இழுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நின்றார். வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் காபியை ஒரு மடக்கு குடித்தேன். மனைவி குனிந்த தலை நிமிராமல் ரோஜாவை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கொத்தைப் பிடித்தபடியே அவர் என் பக்கம் திரும்பினார்.

"வலிக்குது மாப்ளே" என்றார். "கொஞ்சம் வந்து இதப் புடிங்க."

காபியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொத்தை இடது கையில் வாங்கிக்கொண்டேன். அவர் நூலைச் சுற்றிச் சுண்டினார். என் பிடி நழுவி இரண்டு ரோஜா கீழே விழுந்தது.

"அப்படி இல்ல" என்றார். "தப்பாப் புடிக்கிறீங்க."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. அவர் அடுத்த சுற்றை ஆரம்பித்துவிட்டார், நான் விட்டால் மாலை அவிழ்ந்துவிடும்.